ஆட்குறைப்பில் வந்த 26,400 வெள்ளியை வீட்டுக் கடனில் கட்டிவிடலாமா?

ஈசூன் மீனா:

வணக்கம். பல மாதமாக வாசித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவருக்கு 46 வயது. இங்கே சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கிடங்கில் 11 வருடம் மேற்பார்வையாளராக இருந்தார். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்து, லாக்கரைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் காப்பி மக், தைலப் புட்டி, பாதுகாப்புக் காலணி, இவற்றோடு வீட்டுக்கு வந்தார். காலணி இன்னும் வாசலில்தான் இருக்கிறது, எடுத்து உள்ளே வைக்கப் போனால் முறைக்கிறார்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அவர் சம்பளம் 4,800, சிபிஎஃப் (மத்திய சேமநிதி) போகக் கைக்கு 3,840. நான் பாலர் பள்ளியில் பகுதிநேர உதவியாளர், கைக்கு 1,120. ஆட்குறைப்புப் பணம் வருடத்துக்கு அரை மாதம் என்று போட்டு 26,400 வெள்ளி கொடுத்தார்கள். வங்கியில் 9,000 இருக்கிறது. நாலறை வீடு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கடன் இன்னும் 112,000 பாக்கி, மாதம் 1,080 அவருடைய சிபிஎஃப் சாதாரணக் கணக்கிலிருந்து போகிறது, அந்தக் கணக்கில் இப்போது 38,000 சொச்சம்.

செலவு: சந்தை, சாப்பாடு 900. தண்ணீர், கரண்ட், நகர மன்றக் கட்டணம் 290. போன், வைஃபை 130. மகள் உயர்நிலை நான்கு, இரண்டு பாடத்துக்கு டியூஷன் 480. காப்புறுதி 520. போக்குவரத்து 250. பிள்ளைகளின் கைச்செலவு 160. தஞ்சாவூரில் என் அத்தைக்கு (அவர் அம்மா) மாதம் 400 அனுப்புகிறோம், அவருக்கு வேலை போன விஷயம் அத்தைக்கு இன்னும் தெரியாது.

என் அண்ணன், கையில் பணம் இருந்தால் கரைந்துவிடும், பேசாமல் வீட்டுக் கடனில் போட்டு மாதத் தவணையைக் குறைத்துக்கொள் என்கிறார். இவரும் தலையாட்டுகிறார். எனக்குத்தான் ஏதோ சரியாகப் படவில்லை, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. வேறு வழி இருந்தாலும் சொல்லுங்கள், தேவைப்பட்டால் என் வளையலை விற்கவும் தயார்.

தேக்கா ராஜா:

கட்டாதீர்கள் சகோதரி. உங்களுக்குச் சரியாகப் படாதது சரிதான்.

வீவக கடனுக்கு வட்டி 2.6 விழுக்காடு. 26,400 முழுவதையும் அதில் போட்டால் வருடத்துக்கு மிச்சமாவது சுமார் 686 வெள்ளி, மாதம் 57. அதற்காகக் கையிலிருக்கும் காசை எல்லாம் சிமெண்டில் குழைத்துவிடுவீர்களா? போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க வீட்டை விற்றால்தான் உண்டு. வீவக வீட்டை வைத்து வங்கியில் மறுபடி கடன் வாங்கிப் பணமாக எடுக்கவும் வழியில்லை.

இன்னொன்று, தவணை இப்போது உங்கள் கையிலிருந்து போகவே இல்லையே. 38,000-ஐ 1,080-ஆல் வகுத்துப் பாருங்கள், 35 மாதம் வருகிறது. ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு வீட்டுக் கடன் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். உங்கள் பிரச்சினை அரிசிக்கும் டியூஷனுக்கும்தான், அதைக் கட்ட சாதாரணக் கணக்கு உதவாது. வீட்டுக் கடன் காப்புறுதியின் ஆண்டுச் சந்தாவும் அதே கணக்கிலிருந்துதான் போகும், அதனால் இருப்பைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை58:

ராஜா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

மீனா, நீங்கள் எழுதிய செலவைக் கூட்டினேன், 3,130 வருகிறது. இருவர் சம்பளமும் சேர்த்து 4,960 வந்துகொண்டிருந்தது. மாதம் 1,830 மிஞ்சியிருக்க வேண்டும், ஒரு வருடத்துக்கு 21,000-க்கு மேல். வங்கியில் 9,000தான் இருக்கிறது என்றால் மீதி எங்கே? தீபாவளி, கல்யாணம், விமான டிக்கெட் என்று கொஞ்சம் போகும், ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் இடிக்கிறது.

முப்பது வருடமாக மற்றவர்களுடைய கணக்கைப் பார்த்த பழக்கத்தில் கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். கார்டுக் கடன் இருக்கிறதா? உங்கள் பெயரில் இல்லை, அவர் பெயரில். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டு வரும் கார்டு ஏதாவது? ஸ்டேட்மென்ட்டை நீங்களே பார்த்திருக்கிறீர்களா, இல்லை அவர் சொன்னதைக் கேட்டீர்களா? அது தெரியாமல் இங்கே யார் என்ன சொன்னாலும் காற்றில் போடும் கணக்குத்தான்.

அப்புறம் வருமானவரி. நம் ஊரில் போன வருட வருமானத்துக்குத்தான் இந்த வருடம் வரி வரும், அதனால் வேலை போன பிறகும் கடிதம் வந்து நிற்கும். அவர் சம்பளத்துக்குப் பெரிய தொகை இருக்காது. ஜைரோவில் (வங்கிக் கணக்கிலிருந்து தானாக வெட்டும் முறை) போட்டால் 12 மாதம் வரை வட்டியில்லாமல் கட்டலாம். வேலை இழப்புக்கான ஈடாகக் கொடுத்த பணத்துக்கு வரி கிடையாது, அதே கடிதத்தில் நோட்டீஸ் சம்பளமும் சேர்ந்திருந்தால் அந்தப் பகுதிக்கு உண்டு.

நூலகத்து நண்பன்:

நான் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்கிறேன். 2023-இல் எனக்கும் வேலை போனது. மூன்று வாரம் வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலை ஏழேகாலுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்துக்குப் போய், கதவு திறக்கும்வரை கீழே உட்கார்ந்திருப்பேன். மதியம் காப்பிக்கடை, பழைய சகாக்கள் வந்தால் அவர்களுக்கும் நானே காசு கொடுப்பேன், ஏனென்றால் வேலை போனவன் மாதிரித் தெரியக்கூடாது இல்லையா. எல்லாம் கார்டில் தேய்த்ததுதான். வேலையில் இருந்த மாதங்களைவிட அந்த மூன்று வாரத்தில் அதிகம் செலவழித்தேன் என்று பிறகு என் மனைவி ரசீதுகளைப் பார்த்துக் கண்டுபிடித்தாள்.

உங்கள் கணவர் உங்களிடம் சொல்லிவிட்டார், அந்த மட்டில் என்னைவிட மேல். ஆனால் அவருடைய சகாக்களுக்குத் தெரியுமா? சொல்லச் சொல்லுங்கள். எனக்கு அடுத்த வேலை கிடைத்ததே காப்பிக்கடையில் கடைசியில் நான் வாயைத் திறந்து விஷயத்தைச் சொன்ன ஒருவர் வழியாகத்தான்.

எங்கள் வீட்டில் உதவிய ஒரு ஏற்பாடு: மொத்தப் பணத்தை வேறு கணக்கில் போட்டு, மாதம் 28-ஆம் தேதி அதிலிருந்து ஒரு தொகையை மட்டும் வீட்டுக் கணக்குக்குச் "சம்பளமாக" மாற்றினோம். 28 ஏன் என்றால் எங்கள் ஜைரோ எல்லாம் 1-ஆம் தேதியிலிருந்து 5-ஆம் தேதிக்குள் வெட்டும். எந்தத் தேதியில் எது வெட்டும் என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். எழுதும்போதுதான், மகன் எப்போதோ விட்டுவிட்ட ஒரு கேம் சந்தா இரண்டு வருடமாகப் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது.

கிராஞ்சி வேலு:

எல்லாரும் கடனைக் கட்டாதே என்கிறீர்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடன் இல்லாத வீட்டில் படுக்கும் தூக்கம் வேறு. என் அப்பா வேலை போனபோது இருந்ததை எல்லாம் போட்டு வீட்டை மீட்டார், கஞ்சி குடித்தாலும் சொந்த வீட்டில் குடித்தோம்.

தேக்கா ராஜா:

@கிராஞ்சி வேலு அண்ணே, உங்கள் அப்பா போட்டதும் கடன் முடிந்தது, அதனால் தூங்கினார். இவர்கள் 26,400 போட்டாலும் 85,600 பாக்கி நிற்கும், அப்போது கஞ்சிக்கும் காசிருக்காது.

பூன் லே அக்கா:

மீனா, வளையலை இப்போது தொடாதே. விற்கவும் வேண்டாம், அடகும் வேண்டாம். அடகுக்கடையில் மாதத்துக்கு ஒன்றரை விழுக்காடு வரை வட்டி, ஆறு மாதத்தில் மீட்க வேண்டும் அல்லது வட்டி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். கையில் 35,000 ரொக்கம் இருக்கும்போது அது எதற்கு? நான் ஒரு காலத்தில் ஒரு ஜோடி விற்றேன், பிறகு தங்கம் போன விலையைப் பார்த்து வயிறு எரிந்தது. கடைசியில் தேவைப்பட்டால் பார்க்கலாம்.

காப்புறுதி 520 என்பது எனக்குக் கண்ணை உறுத்துகிறது. அதில் எவ்வளவு மருத்துவத்துக்கு, எவ்வளவு "சேமிப்புத் திட்டம்" என்று ஏஜெண்ட் விற்றது? மருத்துவத்தின் அடிப்படைத் திட்டத்தை விட்டுவிடாதே, பிறகு திரும்பச் சேர்ந்தால் இருக்கிற நோயை எல்லாம் காரணம் காட்டுவார்கள், 46 வயதில் யாருக்கு இரத்த அழுத்தம் இல்லை. அரசாங்கத்தின் கட்டாய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் எப்படியும் இருக்கும், அது சிபிஎஃப்பின் மருத்துவக் கணக்கான மெடிசேவிலிருந்து போகிறது. மேலே ரொக்கமாகக் கட்டும் ரைடர் (கூடுதல் காப்புறுதி), சேமிப்புத் திட்டம், இவற்றைத்தான் பார். சேமிப்புத் திட்டத்தைப் பாதியில் உடைத்தால் நஷ்டம் வரும், அதனால் உடைக்கும் முன் சந்தாவைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்க வழி இருக்கிறதா என்று நிறுவனத்துக்கே போன் செய்து கேள், ஏஜெண்டைக் கேட்காதே.

சந்தைச் செலவு 900 நாலு பேருக்கு அநியாயம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதில் வெளியே வாங்கிச் சாப்பிட்டது எவ்வளவு? எங்கள் வீட்டில் காலையில் ஆளுக்கொரு பரோட்டா, தே தாரிக் என்று வாங்குவதை நிறுத்தியதிலேயே மாதம் 200 நின்றது. தோசை மாவு அரைத்தால் நாலு நாளைக்கு வரும். தேக்காவில் மீன் சாயங்காலம் விலை இறங்கும் என்று போய் நிற்காதே, நல்ல கடைகள் மதியத்துக்குள் மூடிவிடும். அரசாங்கம் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டில் பேரங்காடிக்கு உள்ள பாதியை அரிசி, எண்ணெய், பருப்புக்கு மட்டும் வை. எல்லை தாண்டி ஜொகூருக்குப் போனால் மலிவு என்று ஒரு பேச்சு வரும், போய்ப் பார், பிள்ளைகள் இரண்டும் கூட வந்து திரும்பி வரும்போது மிச்சம் என்ன என்று எனக்கு எழுது.

மகள் டியூஷனை இந்த வருடம் நிறுத்தாதே, தேர்வு வருடம். வேண்டுமானால் இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள், மற்றதற்கு இந்தியர் சமூக உதவி அமைப்பான சிண்டாவின் ஸ்டெப் டியூஷன் வகுப்பைக் கேள், வெளியில் கொடுப்பதைவிட ரொம்பக் குறைவு. இத்தனை வருடம் இவர் சம்பளத்தில் சிண்டாவுக்குப் பிடித்தார்கள் இல்லையா, கேட்பதில் கூச்சம் எதற்கு?

அத்தை விஷயம். அதை நீ சொல்லாதே, அவரே சொல்லட்டும். நீ சொன்னால் "மருமகள் நிறுத்திவிட்டாள்" ஆகும், காலத்துக்கும் நிற்கும்.

தொண்டூழியர் சிவா:

வேலை தேடுவோருக்கு என்ன உதவி இருக்கிறது என்று யாரும் இன்னும் சொல்லவில்லையே.

ஏப்ரல் 2025-இல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் தொடங்கியது. தன் விருப்பமில்லாமல் வேலை இழந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் மொத்தம் 6,000 வெள்ளி வரை: முதல் மாதம் 1,500, அடுத்து 1,250, பிறகு 1,000, அப்புறம் மூன்று மாதம் 750. சராசரி மாத வருமானம் 5,000-க்கு மேல் போகக்கூடாது, உங்கள் கணவர் 4,800 என்பதால் உள்ளே வருகிறார் என்றே தோன்றுகிறது, ஆனால் ஓவர்டைம் சேர்த்துப் பாருங்கள். வீட்டின் ஆண்டு மதிப்புக்கும் (வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு எவ்வளவு வரும் என்ற அரசாங்கக் கணிப்பு) ஒரு வரம்பு உண்டு. சும்மா இருந்தால் வராது, மாதாமாதம் விண்ணப்பம் போடுவது, ஆலோசகரைப் பார்ப்பது, பயிற்சிக்குப் போவது என்று செய்து காட்ட வேண்டும். ஆட்குறைப்புக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

அவருக்கு 40 தாண்டிவிட்டது என்பதால் இன்னொன்றும் உண்டு. 40 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூரர்களுக்கு 2024-இல் கொடுத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சிக் கட்டணத் தொகை அவர் கணக்கில் தொடாமல் இருக்கக்கூடும். சில முழுநேரப் படிப்புகளுக்குப் போனால் முந்தைய சராசரி வருமானத்தில் பாதி, மாதம் 3,000-க்கு மிகாமல், பயிற்சிப் படியாகவும் கிடைக்கும். அவருக்கு அது 2,400 போல வரும். எல்லாப் படிப்புக்கும் இல்லை, பட்டியலில் இருப்பதற்கு மட்டும். யாராவது விளம்பரத்தில் "இலவசப் பயிற்சி" என்று கூப்பிட்டால் உடனே கையெழுத்துப் போட வேண்டாம்.

பள்ளி அலுவலகத்தில் நிதியுதவித் திட்டம் பற்றிக் கேளுங்கள், வருமானம் குறைந்தது தெரிந்தால்தான் அவர்களால் எதுவும் செய்ய முடியும். சமூக சேவை அலுவலகத்தில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான காம்கேர் உதவியும் இருக்கிறது, ஆனால் கையிருப்பு 35,000 இருக்கும்போது அது உங்களுக்கு இப்போதைக்கு இல்லை, ஒளிக்காமல் சொல்கிறேன்.

வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுவதாக இருந்தால் முதலில் வீவக அனுமதி வேண்டும், குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம். மகள் தேர்வு முடியும்வரை அதை நினைக்காமலிருப்பது நல்லது.

அரை மாதக் கணக்கு நியாயமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இரண்டு வருடம் வேலை செய்தவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் வரை கொடுப்பது வழக்கம், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய சட்டப்படி கட்டாயமில்லை. ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். அதில் இன்னும் அதிகமாக இருந்தால் கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும்.

ஈசூன் மீனா:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாளாக வரவில்லை, காரணம் கணக்குப்பிள்ளை ஐயாதான்.

அன்று இரவு அவரிடம் கேட்டேன், ஸ்டேட்மென்ட் காட்டுங்கள் என்று. முதலில் கோபம், பிறகு மௌனம், பிறகு போனை என் பக்கம் தள்ளினார். இரண்டு கார்டு, மொத்தம் 7,400. போன வருடம் நாத்தனார் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனோமே, டிக்கெட், சீர், மண்டபத்தில் கடைசி நேரத்தில் கேட்ட பணம், எல்லாம் அதில். எனக்குச் "சேமிப்பிலிருந்து எடுத்தேன்" என்று சொல்லியிருந்தார். அப்போதிருந்து மாதாமாதம் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார், புதிதாகத் தேய்த்துக்கொண்டும் இருந்திருக்கிறார், அதனால் குறையவே இல்லை. இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பிள்ளைகள் வழியாகத்தான் "அப்பா சாப்பிட்டாரா".

வட்டி 27 விழுக்காடு. அண்ணனுக்குப் போன் செய்து, 26,400-ஐ வீட்டில் போட்டால் வருடம் 686 மிச்சம், 7,400-ஐக் கார்டில் போட்டால் வருடம் ஏறக்குறைய 2,000 மிச்சம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, "சரி சரி, அதை முதலில் கட்டு" என்றார். கட்டிவிட்டோம்.

மீதி 19,000-ஐத் தனிக் கணக்கில் போட்டாயிற்று. டியூஷனில் ஒன்று நின்றது, சேமிப்புத் திட்டத்தின் சந்தாவை நிறுத்திவைக்கக் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. மாவு அரைக்கிறேன். மாதச் செலவு 2,400-க்குள் வந்தால் என் சம்பளம் போக 1,280 எடுக்க வேண்டும், கையில் மொத்தம் 28,000, அப்படியென்றால் 21 மாதம் ஓடும். அதைத் தாளில் எழுதிக் காட்டியபோதுதான் அவர் முகத்தின் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. 6,000 திட்டத்துக்கும் விண்ணப்பித்துவிட்டார்.

அத்தையிடம் அவரே பேசினார். அத்தை, மருந்துக்கு மட்டும் அனுப்பு போதும் என்றார்களாம். நாத்தனார்தான் மறுநாள் எனக்குப் போன் செய்து, தன் அண்ணனை நான் எதுவும் சொல்லக்கூடாது என்று அரைமணி நேரம் பேசினாள். அவள் கல்யாணக் கடன் என்று நானும் சொல்லவில்லை. வாய்வரை வந்தது.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. இரண்டு கார்டையும் வெட்டிப் போட்டுவிடலாமா?

கணக்குப்பிள்ளை58:

கத்தரிக்கோலால் வெட்டினால் கணக்கு மூடாது, வங்கிக்குச் சொல்லி ரத்து செய்ய வேண்டும். வட்டி தினமும் ஓடுவதால் நீங்கள் கட்டிய பிறகும் அடுத்த ஸ்டேட்மென்ட்டில் சில்லறையாக ஒரு தொகை வரும், அதையும் கட்டிவிட்டு ஒன்றை மூடுங்கள். மற்றதை வைத்துக்கொண்டு வரம்பை 1,000-க்கு இறக்கச் சொல்லுங்கள், மருத்துவமனை, டிக்கெட் என்று அவசரம் வந்தால் இருக்கட்டும். பின் நம்பரை மாற்றிவிட்டு, கார்டை அரிசி டப்பாவில் போட்டுவையுங்கள்.

பூன் லே அக்கா:

அரிசி டப்பாவில் வேண்டாம், எங்கள் வீட்டில் வைத்துத் தேடாத இடமில்லை. நீயே வைத்துக்கொள்.